வைத்திய விதியும் வெள்ளையரிசியும்

யப்பானின் நவீன இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் மோரி ஓகாயை விட்டுவிட்டு எழுதுதல் இயலாது. 1890 இல் வெளிவந்த 'நடனமாது' என்னும் அவரது கதை, காதலுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் இளைஞனொருவனைச் சித்திரித்து, அந்நாட்டு உரைநடையிலே புதிய காலமொன்றைத் தொடக்கிவைத்தது. கேத்தேயின் 'பௌஸ்ற்' நாடகத்தை யப்பானிய மொழியிலே தந்தவரும் அவரே. ஆயின் ஓகாய் என்பது புனைபெயர். மோரி ரிந்தாரோ என்னும் சொந்தப் பெயரில் அவர் பார்த்தது தரைப்படை வைத்தியர் உத்தியோகமாகும். 1907 இல் படைத்துறை வைத்தியப் பகுதியின் தலைமைப் பதவியையே எய்தினார். இலக்கிய மாணாக்கர் போற்றும் இப்பெருந்தகையைப் பெரிபெரி நோயின் வரலாற்றை எழுதுவோர் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துகின்றனர். அவரை அங்கே நிறுத்திய வழக்கு, அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று என்பது நமது கருத்து.

1904 – 1905 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ருஷ்ய யப்பானியப் போரிலே யப்பானியத் தரைப்படையினருள் ஏறக்குறைய 250,000 பேர் பெரிபெரி நோயுற்றனர். அவர்களுள் 27,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே போரிலே, அதே நாட்டின் கடற்படையில், இந்நோய் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. இரு படைகளிலும் இருந்தோர் பெரும்பாலும் ஏழை விவசாயிகளின் புதல்வரே. உண்ட உணவு வேறு. உணவை வகுத்த வைத்திய விதி வேறு. அதிகாரம் படைத்த வைத்தியபீடமொன்று விதியொன்றை வகுத்துவிடுமாயின், அவ்விதி நோயாளியின் கிண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆராய்ச்சியாளன் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எந்தச் சான்றைச் சான்றென ஏற்கலாம் என்பனவற்றையும் அதுவே தீர்மானிக்கத் தொடங்குகின்றது. நாம் இங்கு நோக்க எடுத்துக்கொண்ட விடயம் இதுவேயாகும்.

பெரிபெரி என்னும் பெயர், 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என அகராதிகள் கூறும். கால்கள் மரத்துப்போகும், சிலருக்கு வீங்கும், நடை தளரும், ஈற்றிலே இருதயம் ஓய்ந்துவிடும். யப்பானியர் இதனைக் 'கக்கே' என்றனர். தலைநகராகிய எடோவிலே இது மிகுந்திருந்தமையால் 'எடோ நோய்' எனவும் வழங்கிற்று. நாட்டுப்புறத்திலிருந்து எடோவுக்கு வருவோர் நன்கு தீட்டிய வெண்ணிறச் சோற்றை உண்டு நோயுறுவர். ஊர் திரும்பிப் பழைய கரடுமுரடான தானிய உணவை உண்டு தேறுவர். வெள்ளைச் சோறு செல்வத்தின் அடையாளமாக இருந்தபடியால் நோயும் மாளிகைகளுக்குட் புகுந்தது. 1866 இல் இளவயதிலே இறந்த ஷோகன் இயெமோச்சி இந்நோய்க்கே இரையானார். மெய்ஜிப் பேரரசரும் இதனால் வருந்தியவரே. பழைய கீழைத்தேய வைத்திய முறையினர் பார்லியையும் சிவப்பு அவரையையும் பத்தியமாக விதித்தனர். ஏன் பயன்படுகின்றதென அவர்களால் விளக்க முடியவில்லை. ஆயினும் பயன்பட்டது.

கடற்படை வைத்தியரான தக்காக்கி கனெஹிரோ 1875 தொடக்கம் 1880 வரை லண்டனிலே சென் தோமஸ் வைத்தியசாலையிற் பயின்றவர். பிரித்தானியக் கடற்படையினரிடையே இந்நோய் இல்லாமையைக் கண்டவர். நாடு திரும்பி, நோயுற்றோர் யார், எக்கப்பலில், எத்தகைய உணவுண்டு நோயுற்றனர் என்று கணக்கெடுக்கலானார். அவர் கண்டவற்றுள் ஒன்று நமது கவனத்துக்குரியது. மாலுமிகளுக்குக் கறிவகை வாங்கப் பணமாகவே படி கொடுக்கப்பட்டு வந்தது. வறிய வீட்டுப் பிள்ளைகளாகிய அவர்கள் அப்பணத்தை மிச்சம்பிடித்துப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டு வெறுஞ்சோற்றை உண்டு வந்தனர். நோய் அதிகாரிகளை விட்டு மாலுமிகளைப் பற்றியதன் மருமம் இதுவாகும்.

1882 இன் இறுதியிலே நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் வழியாகப் பயிற்சிப் பயணம் சென்ற 'ரியூஜோ' என்னும் கப்பலில் இருந்த 376 பேருள் 169 பேர் நோயுற்றனர்; 25 பேர் இறந்தனர். ஹவாயில் உணவை மாற்றிய பின்னரே எஞ்சியோர் தேறினர். தக்காக்கி அரசாங்கத்தோடு மன்றாடி, 1884 இல் 'ட்சுக்குபா' என்னும் கப்பலை அதே வழியில் அனுப்புவித்தார். இம்முறை உணவிலே இறைச்சியும் பாலும் ரொட்டியும் சேர்க்கப்பட்டன. நோயுற்றோர் மிகச் சிலரே, இறந்தவர் ஒருவருமிலர். 1883 இல் கடற்படையினருள் நூற்றுக்கு 23 பேரைப் பற்றியிருந்த நோய், பார்லி கலந்த சோறு வழக்குக்கு வந்த 1885 இல் நூற்றுக்கு ஒருவரென்ற அளவுக்கும் கீழே இறங்கிற்று.

இவ்வளவு தெளிவான சான்று கிடைத்த பின்னரும் தரைப்படை ஏன் அசையவில்லை? இதனை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு தள்ளிவிட விரும்பவில்லை. தரைப்படை வைத்தியமும் தோக்கியோ சர்வகலாசாலையும் ஜேர்மனியைக் குருவாக வரித்துக்கொண்டவை. அக்காலத்திலே ஜேர்மன் வைத்தியம் விஞ்ஞானத்தின் கொடுமுடியில் நின்றது. ரொபேர்ட் கொக் 1882 இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அடுத்து வாந்திபேதிக் கிருமியும் அகப்பட்டது. ஆண்டுதோறும் புதிய கிருமிகள் வெளிப்பட்டுக்கொண்டிருந்த அக்காலச் சூழலிலே, நோயென்றால் கிருமி எங்கே என்று தேடுவதே முற்போக்கு. சோற்றையும் பார்லியையும் பேசுவது பாட்டிவைத்தியம். இன்றைக்கு நாம் அறிவுத்துணிபென்று போற்றும் கிருமிக் கொள்கையே அன்று இவர்களது கண்ணை மறைத்தது என்பதை மறத்தலாகாது. பழமைவாதம் பழைய உடையிலேயே எப்பொழுதும் வருமென்று எதிர்பார்ப்போர் இவ்வரலாற்றை இருமுறை படித்தல் நன்று.

1885 இல் தோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒகத்தா மசனோரி பெரிபெரிக் கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். படை வைத்தியத் துறையிலே செல்வாக்கு மிக்கவரும் 1890 இல் அதன் தலைமையை ஏற்றவருமான இஷிகுரோ தடனோரி கிருமிக் கொள்கையினரே. அப்பொழுது ஜேர்மனியிற் பயின்றுகொண்டிருந்த இளைஞர் மோரி, யப்பானியப் படைக்கு அரிசியுணவே தக்கதென அங்கிருந்து எழுதினார். பெர்லினிலே கொக்கின் ஆய்வுகூடத்தில் உழைத்த கித்தசாத்தோ ஷிபாசபுரோவோ ஒகத்தாவின் ஆய்விலுள்ள பிழைகளை வெளிப்படையாக எடுத்துக்காட்டினார். கித்தசாத்தோவும் கிருமியியலாளரே, கிருமிகளை அறிந்தவராதலாலேயே இது கிருமியன்று என்று சொல்ல அவருக்கு முடிந்தது. ஆனால் ஒகத்தா அவருக்கு அத்துறையில் அரிச்சுவடி கற்பித்தவர். எழுந்த கண்டனம் ஆய்வைப் பற்றியதாக இருக்கவில்லை. நன்றி மறந்தார் என்பதே கண்டனம். கண்டித்தோருள் மோரியும் ஒருவர். 1892 இல் நாடு திரும்பிய அந்த உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிக்குச் சர்வகலாசாலையில் இடமிருக்கவில்லை. புக்குசாவா யுக்கிச்சி என்னும் கல்வியாளரின் உதவியாலே தனியார் ஆய்வுகூடமொன்று அவருக்கு அமைந்தது.

தரைப்படை பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்று கூறுதல் அநீதியாகும். 1889 இல் மோரியின் பொறுப்பிலே உணவுப் பரிசோதனை ஒன்று நடத்தப்பட்டது. சிப்பாய்கள் சிலருக்குச் சில நாட்கள் அரிசிச்சோறும், வேறு சிலருக்குப் பார்லி கலந்த சோறும், இன்னும் சிலருக்கு மேனாட்டு உணவும் கொடுக்கப்பட்டன. உடல் பெற்ற வெப்பசக்தியும் நைதரசனும் ஜேர்மன் முறைப்படி திருத்தமாக அளக்கப்பட்டன. அரிசியே சிறந்ததென முடிவாயிற்று. அளவையில் பிழையில்லை. ஆனால் எவனுக்குப் பெரிபெரி வருகின்றது, எவனுக்கு வரவில்லை என்பது அப்பரிசோதனையின் கேள்வியாகவே இருக்கவில்லை. நோய் உணவால் வருவதன்று என்பது முன்னரே முடிந்த விடயமாதலால், உணவுப் பரிசோதனையிலே நோயைத் தேடவேண்டிய தேவை எழவில்லை. ஒரு கொள்கை விதியாக இறுகியபின் ஆராய்ச்சியும் அவ்விதியின் எல்லைக்குள்ளேதான் நடமாடும் என்பதற்கு இதைவிடத் தக்க உதாரணம் காட்டுதல் அரிது.

இதற்கிடையே ஒசாக்காவிலிருந்த ஹொரியுச்சி என்னும் படை வைத்தியர், சிறையிலே பார்லிச்சோறு உண்ணும் கைதிகளுக்கு நோய் அரிதென்பதைக் கேட்டறிந்து, தமது பட்டாளத்துக்கும் அதனைக் கொடுப்பித்தார். நோய் குறைந்தது. வேறு பல படைப்பிரிவுகளும் சமாதான காலத்திலே, தலைமையகத்தின் கொள்கை மாறாதிருக்க, தாமாகவே அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் போர் மூண்டதும் உணவைத் தலைமையகமே வகுத்தது. நாளொன்றுக்கு ஆறு 'கோ' வெள்ளையரிசி, அதாவது ஏறக்குறைய 900 கிராம், ஒவ்வொரு சிப்பாய்க்கும் உரியதாயிற்று. 1894 – 1895 சீனப் போரிலே போர்க்களத்தில் மாண்டோர் 1,500 இற்கும் குறைவு. பெரிபெரியால் மாண்டோர் ஏறக்குறைய 4,000. போரின் பின் தாய்வானைக் கைப்பற்றிய படையிலே நோய் பரவியபோது பார்லியைக் கொடுக்கத் துணிந்த தலைமை வைத்தியர் ஒருவர் திருப்பியழைக்கப்பட்டார். பத்தாண்டு கழிந்து ருஷ்யப் போர் வந்தது. மோரி இரண்டாம் படையின் தலைமை வைத்தியராக மஞ்சூரியா சென்றார். விதி மாறவில்லை. நாம் தொடக்கத்திலே கூறிய தொகைகள் அதன் விளைவு.

மோரியின் சார்பில் பேசுவோர் இரண்டு நியாயங்களைக் கூறுவர். பார்லி பண்டகசாலையிலும் கப்பலிலும் விரைவில் பழுதாவது. தொலைவிலுள்ள போர்முனைக்குப் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லல் கடினம். இது உண்மையே. மற்றது, வீட்டிலே பார்லியும் தினையும் உண்ட விவசாயி மகனுக்குப் படை கொடுத்த பெரும் வாக்குறுதி வெள்ளைச் சோறு என்பது. சாகப் போகிறவனுக்காவது வெண்சோறு போடுவோம் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே இருந்தது. இதிலுள்ள இரக்கத்தை நாம் மறுக்கவில்லை. அவ்விரக்கத்தின் மறுபுறம், வயிறார வெண்சோறு உண்ணவேண்டுமாயின் துப்பாக்கி தூக்கவேண்டுமென்ற நிலையில் கிராமங்கள் வைக்கப்பட்டிருந்தன என்பதேயாகும். எவ்வாறாயினும் இவ்விரு நியாயங்களும் உணவை மாற்றுவதன் இடர்ப்பாட்டை விளக்குமேயன்றி, உணவு காரணமாகலாம் என்ற கேள்வியே அடைக்கப்பட்டமையை விளக்கா. 1905 மார்ச்சிலே பார்லி கொடுக்குமாறு கட்டளையிட்டவர் வைத்தியர் எவருமல்லர், போர்மந்திரி தெராவுச்சி. அவரும் ஒரு காலத்திலே இந்நோயால் வருந்தியவர்.

இதுவரை கூறியதைக்கொண்டு தக்காக்கியை வீரராகவும் மோரியைத் தீயவராகவும் நிறுத்திவிட்டு நாம் ஓய்ந்துவிடலாம். பலர் அவ்வாறே செய்திருக்கின்றனர். ஆனால் தக்காக்கியின் விளக்கமும் பிழையானதே. உணவிலே நைதரசன் குறைந்து காபன் மிகுவதால், அதாவது புரதம் போதாமையால், நோய் வருகின்றதென அவர் கருதினார். விதி வென்றது, மாலுமிகள் பிழைத்தனர், அவர் பிரபுப் பட்டமும் பெற்று 'பார்லிப் பிரபு' என அழைக்கப்பட்டார். அதன்பின், பார்லியில் அப்படி என்ன இருக்கின்றது என்ற கேள்வியைக் கடற்படை கேட்கவில்லை. நோயில்லாத இடத்திலே ஆய்வுகூடம் எதற்கு? பிழையான விதி கேள்வியைத் தடுத்தது. பயன்பட்ட விதி கேள்வியைத் தேவையற்றதாக்கிற்று. முன்னையதைக் கண்டிக்க ஆயிரம் பேர் வருவர். பின்னையது ஆராய்ச்சியைத் தேக்கிவைத்த வகையைப் பேசுவோர் அரியர்.

அக்கேள்வி வேறிடத்திலே, வேறொன்றைத் தேடப்போய் எழுந்தது. சுமாத்திராவில் ஆச்சே மக்களோடு நடத்திய போரிலே ஒல்லாந்தரின் படைகள் பெரிபெரியால் நலிந்தன. 1886 இல் ஒல்லாந்த அரசாங்கம் ஆராய்ச்சிக் குழுவொன்றைப் பத்தாவியாவுக்கு அனுப்பிற்று. அதற்கிட்ட பணியும் கிருமியைத் தேடுதலே. குழு திரும்பிய பின் அங்கே தங்கிய கிறிஸ்ரியான் எய்க்மன், நோயாளரின் கிருமியைப் புகுத்திப் பார்ப்பதற்குக் கோழிகளை வளர்த்தார். கிருமி புகுத்திய கோழியும் புகுத்தாத கோழியும் ஒருங்கே கால் தளர்ந்து விழுந்தன. சிறிது காலத்தில் எல்லாமே தேறின. விசாரித்தபோது, ஆய்வுகூடப் பணியாளன் வைத்தியசாலைச் சமையலறையிலே மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தமையும், புதிதாக வந்த சமையற்காரர் படைக்குரிய சோற்றைக் குடிமக்களின் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்தமையும் தெரியவந்தன. இதனைப் பின்னர் நொபெல் உரையிலே கூறியவர் எய்க்மனே. ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நின்ற சமையற்காரர் விஞ்ஞானத்துக்குச் செய்த உபகாரம் அது.

எய்க்மனின் நண்பரும் வைத்தியப் பரிசோதகருமான வோர்டர்மன், யாவா, மதுரா தீவுகளின் சிறைச்சாலைகளை நோக்கினார். ஏறக்குறைய 280,000 கைதிகளைப் பற்றிய கணக்கு அது. தவிடு நீக்காத அரிசியை உண்டோருள் பதினாயிரத்தில் ஒருவர் என்ற அளவிலே நோய் காணப்பட்டது. தீட்டிய அரிசியை உண்டோருள் முப்பத்தொன்பதுக்கு ஒருவர். அவ்வாறிருந்தும் எய்க்மன் கிருமிக் காலத்தின் நிழலினின்று முற்றாக வெளிவரவில்லை. மாச்சோற்றிலே நஞ்சொன்று தோன்றுகின்றது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்றே கருதினார். இல்லாமை நோயைத் தரும் என்னும் சிந்தனை, அவருக்குப் பின் வந்த கிரெயின்ஸ் 1901 இல் எழுதிய பின்னரே பிறந்தது. ஏதோ ஒன்று உட்புகுவதால் நோய் வரும் என்று பழகிய மனத்துக்கு, ஏதோ ஒன்று இல்லாமற்போவதால் நோய் வரும் என்பது எவ்வளவு அந்நியமாயிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாவது களம் மலாயா. அங்கே இவ்வரலாறு நம்மவரைத் தொடுகின்றது. ஈயச் சுரங்கங்களிலே உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மடிந்தனர். அருகிலே தோட்டங்களிலும் தெருவேலையிலும் இருந்த தமிழ்த் தொழிலாளரையோ அது பெரும்பாலும் அணுகவில்லை. நெகிரி செம்பிலான் அரசாங்க வைத்தியர் பிறடன் 1907 இல் வெளியிட்ட நூலிலே இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். சீனர் உண்டது நீராவி ஆலைகளிலே தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலுமுள்ள சத்து அரிசியின் உட்புறத்துக்கு ஊறிவிடுகின்றது. அதன்பின் தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. நமது ஊர்களில் முற்றத்தில் அடுப்பு மூட்டி நெல் அவித்த பெண்கள் எந்த வைத்திய விதியையும் அறிந்தவரல்லர். கூலிக்கு ஆள்பிடித்த துரைமாரும் அவர்களின் ஆரோக்கியங் கருதிப் புழுங்கலரிசி கொடுத்தாரல்லர். பழகிய சோறில்லாவிடில் தொழிலாளர் நிற்கமாட்டார் என்பதே காரணமாயிருந்திருக்கலாம்.

பிறடனும் அரிசியில் வளரும் நஞ்சையே காரணமாக்கினார். கோலாலம்பூர்ப் பைத்தியசாலையிலே பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குப் பச்சையரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசிப் பகுதியிலே 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். பின்னர் பிரேசரும் ஸ்ரான்ரனும் காட்டிலே தெரு வெட்டிய ஏறக்குறைய 300 யாவாத் தொழிலாளரைக்கொண்டு அதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். யாருடைய உடலில் நிறுவினர் என்பதைக் கவனியாது நாம் மேலே செல்லலாகாது. பைத்தியசாலையில் அடைபட்டோரும் காலனியக் கூலிகளுமே அச்சான்றுக்கு விலை கொடுத்தனர். 1964 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் போன்ற விதிகள் இத்தகைய பரிசோதனைக்கு இடந்தரமாட்டா. அதனால் ஆராய்ச்சியின் வேகம் குறையுமாயின் குறையட்டும். நாம் விதிகளுக்கு எதிரிகளல்லர்.

1910 இல் மனிலாவிலே கூடிய கிழக்காசிய வைத்தியர் மாநாடு, பெரிபெரிக்குத் தீட்டிய அரிசியோடு தொடர்புண்டெனத் தீர்மானித்தது. அதே ஆண்டிலே தோக்கியோவில் சுசூக்கி உமெத்தாரோ தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். அவர் விவசாய இரசாயனவியலாளர். வைத்தியரல்லாத ஒருவர் தவிட்டைக்கொண்டு நோய் தீர்ப்பதா என்று வைத்தியபீடத்தினர் எள்ளினர். ஈராண்டு கழித்துக் கசிமிர் பங்க் 'வைற்றமின்' என்ற சொல்லை வழங்கினார். உலகம் அதனையே பற்றிக்கொண்டது. 1926 இல் பத்தாவியாவிலே யான்சனும் டொனாத்தும் அச்சத்தைப் பளிங்குருவிற் கண்டனர். 1929 இல் எய்க்மனுக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

போர் முடிந்து மூன்றாண்டின் பின், 1908 இல், யப்பானிய அரசாங்கம் பெரிபெரி ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தது. அதன் முதல் தலைவர் மோரி ரிந்தாரோ. அவ்வாண்டிலே யப்பானுக்கு வந்த கொக், தென்கிழக்காசியாவைச் சென்று பாருங்கள் என்றார். குழுவினர் பத்தாவியா சென்றனர். சென்றவருள் ஒருவரான துசுக்கி, தவிட்டின் பயனை விலங்குகளிலே காட்டினார். கொக்கின் வாயிலிருந்து வந்தமையால் அப்பயணம் நடைபெற்றது. தமது நாட்டு மாலுமிகளின் கால்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்தது போதவில்லை. தரைப்படை 1913 இலேயே பார்லி கலந்த சோற்றை நிரந்தர விதியாக ஏற்றது.

மோரி தமது நிலைப்பாடு பிழைத்ததென வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமலே 1922 யூலை 9 ஆம் திகதி மறைந்தார். இறப்பதற்குச் சில நாட்களின் முன் எழுதுவித்த மரண சாசனத்திலே, அரசமாளிகையும் படையும் தரும் எச்சிறப்பும் தமக்கு வேண்டாமென்றும், கல்லறையில் மோரி ரிந்தாரோவின் கல்லறை என்பதன்றி ஓரெழுத்தும் பொறிக்கலாகாதென்றும் கூறினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவர் தலைமை தாங்கித் தொடங்கிய குழு, வைற்றமின் குறைபாடே காரணமென்ற முடிவோடு, அவர் இறந்து ஈராண்டின் பின் 1924 இல் கலைக்கப்பட்டது.